எழுத்தின் பிழையா, பிள்ளையின் பிழையா?
ஒலிவழி எழுத்துமுறையும் வாசிப்பிடர்ப்பாடுடைய சிறாரும்

1

1896ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் டொக்டர் பிறிங்கிள் மோர்கன் என்பார் சிறியதொரு குறிப்பினை வெளியிட்டார். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றியது அது. அவனது கண்பார்வையிற் குறையில்லை, அறிவிலும் குறையில்லை, விளையாட்டிலே தோழருக்கு அவன் இளைத்தவனுமல்லன். ஏழாம் வயது தொட்டுப் பாடசாலையிலும் தனியாசிரியரிடத்தும் பயின்றவன். எனினும் ஓரசைச் சொற்களைக்கூட அவனால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. பேர்சி என்னும் தன் பெயரையே எழுத்துகளை முன்பின்னாக மாற்றி எழுதினான். சுட்டிக்காட்டிய பின்னரும் பிழை அவனுக்கு உடனே புலப்படவில்லை. அதே சிறுவன் 749ஐ 867ஆற் பெருக்குமாறு கேட்கப்பட்டபோது விரைவாகவும் சரியாகவும் பெருக்கிக் காட்டினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பாடசாலையில் இவனே முதல்வனாக விளங்குவான் என அவனைக் கற்பித்த ஆசிரியர் கருதினார்.

இதனைப் பிறவியிலமைந்த சொற்குருடு என மோர்கன் குறிப்பிட்டார். டிஸ்லெக்சியா என இன்று உலகெங்கும் அறியப்படும் இந்நிலையை நாம் இக்கட்டுரையில் வாசிப்பிடர்ப்பாடு என வழங்குவோம். ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் அன்றே கண்டுணர்ந்த உண்மையை, 125 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் எமது வகுப்பறைகள் முழுமையாக ஏற்றுக்கொண்டபாடில்லை. வாசிக்க இடர்ப்படும் பிள்ளைக்கு நாம் வழங்கும் பெயர்கள் வேறு: மொக்கு, சோம்பேறி, கவனமில்லாதவன். அப்பெயர்களைச் சுமந்தபடியே அப்பிள்ளை பின்வாங்கில் அமர்கிறது. பின்னர் வகுப்பறையை விட்டே போய்விடுகிறது.

இரு சாராரை மறுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். குற்றம் முழுவதையும் பிள்ளையின் தலையிற் சுமத்துவோர் ஒரு சாரார். தமிழ் எழுதியவாறே வாசிக்கப்படும் மொழி, ஆதலால் இவ்விடர்ப்பாடு ஆங்கிலேயர்க்கு உரியதேயன்றி எமக்குரியதன்று எனப் பெருமை பேசுவோர் மறு சாரார். முன்னையது கொடுமை, பின்னையது மடமை. இரண்டும் வந்து சேருமிடம் ஒன்றே: பிள்ளைக்கு எவ்வுதவியும் கிட்டாது. ஒலிவழி எழுத்துமுறை வாசிப்பிடர்ப்பாடுடைய சிறாருக்குப் பேருதவி புரியும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் அவ்வுதவி எழுத்தினுள்ளே உறங்கிக்கிடப்பது. ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியரே அதனைப் பிள்ளையிடம் கொண்டு சேர்ப்பவர்.

2

பேச்சு தாய்மடியிலே தானாக வாய்ப்பது; எழுத்து மனிதன் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஆக்கிக்கொண்ட கருவி. பேசாத மனித சமுதாயம் இல்லை. எழுதாத சமுதாயங்கள் பல இருந்தன. ஆதலின் வாசிப்பைப் பேச்சைப்போல இயல்பானதெனக் கொள்வது தவறு.

ஒலியெழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஒலிக்குரிய குறியாகும். குறியைப் பயன்படுத்துவதற்கு அது குறிக்கும் பொருளை முதலில் அறிதல் வேண்டும். ஆயின் பேச்சிலே ஒலிகள் மணிகள் போலத் தனித்தனியே கோக்கப்பட்டு வருவதில்லை. ஆற்றுநீர் போல ஒன்றோடொன்று கலந்தே ஓடுகின்றன. 1974இல் அமெரிக்க ஆய்வறிஞர் இசபெல் லிபர்மன் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் சிறுவர் கையிலே சிறு தடியொன்றைக் கொடுத்து, கேட்ட சொல்லில் எத்தனை அசைகள் உள்ளன, எத்தனை ஒலிகள் உள்ளன எனத் தட்டிக் காட்டுமாறு பணித்தனர். நான்கு வயதினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அசைகளைச் சரியாகத் தட்டினர். தனியொலிகளைத் தட்டியவர் ஒருவருமிலர். பாடசாலையில் முதலாண்டை முடித்த ஆறு வயதினருள் பத்துக்கு ஒன்பதின்மர் அசைகளையும், பத்துக்கு எழுவர் தனியொலிகளையும் பிரித்தறிந்தனர். அசை காதுக்கு எளிது, தனியொலி அரிது என்பது இதனாற் பெறப்படும்.

வாசிப்பிடர்ப்பாடுடைய பிள்ளைகளிற் பெரும்பாலார் இடறுவது இவ்விடத்திலேதான். எழுத்துகள் அவர்களின் கண்ணுக்குத் தலைகீழாகத் தோன்றுகின்றன என்பது பரவலான நம்பிக்கை. எழுத்தை இடம் வலமாக மாற்றி எழுதுவது தொடக்கநிலைப் பிள்ளைகள் பலரிடத்தும் காணப்படுவதே. உண்மையான இடர் கண்ணிலில்லை. சொல்லை ஒலிகளாகப் பகுத்து, அவற்றை நினைவில் நிறுத்தி, எழுத்தோடு பொருத்தும் ஆற்றலிலே உள்ளது. அறிவுக்கூர்மையோடு அதற்குத் தொடர்பில்லை. பெருக்கற் கணக்கிலே வல்லவனான பேர்சியே இதற்குச் சான்று.

இக்குறை மாற்றவொண்ணாத தலைவிதியன்று. 1983இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லினெற் பிராட்லி, பீற்றர் பிறையன்ற் ஆகிய இருவரும், ஒலிகளை இனங்காண்பதிற் பின்தங்கிய சிறுவர்களைத் தெரிந்தெடுத்து இரண்டாண்டுகள் பயிற்சியளித்தனர். ஒரு குழுவினர் ஒத்த ஒலிகளை இனம்பிரிக்க மட்டும் பயின்றனர். மற்றொரு குழுவினர் அதனோடு பிளாத்திக் எழுத்துகளைக் கையாலெடுத்து ஒலிகளுடன் பொருத்தவும் பயின்றனர். வேறொரு குழுவினர் சொற்களைப் பொருள் நோக்கிலே வகைப்படுத்தினர். வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் மிகுந்த முன்னேற்றம் கண்டோர் ஒலியையும் எழுத்தையும் ஒருங்கே பயின்றோரே. இம்முடிபு மனங்கொளத்தக்கது. ஒலி தனித்தும் பயன் சிறிது. எழுத்து தனித்தும் பயன் சிறிது. இரண்டும் கைகோக்குமிடத்திலேதான் வாசிப்புப் பிறக்கிறது.

3

ஒலிக்கும் எழுத்துக்குமுள்ள உறவு நிலையற்றதாயின் என்ன நிகழும்? ஆங்கிலம் அதற்கு விடை தருகிறது. அம்மொழியில் ஏறத்தாழ 44 ஒலிகள் உள, எழுத்துகளோ 26. ஓ, யூ, ஜீ, எச் என்னும் நான்கெழுத்துக் கோவை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இருமலைக் குறிக்கும் சொல்லில் அது 'ஒஃப்' என ஒலிக்கும். கடினமானது எனப் பொருள்படும் சொல்லில் 'அஃப்' என ஒலிக்கும். ஊடாக எனப் பொருள்படும் சொல்லில் 'ஊ' என ஒலிக்கும். பிசைந்த மாவைக் குறிக்கும் சொல்லில் 'ஓ' என ஒலிக்கும். ஒலியையும் எழுத்தையும் பொருத்துவதிலே ஏற்கெனவே நலிவுற்ற பிள்ளைக்கு, இடத்துக்கிடம் முகம் மாறும் எழுத்தைக் கொடுப்பது மெலிந்த மாட்டின்மேல் மேலுமொரு மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

2003இல் பிலிப் சீமோரும் அவர்தம் குழுவினரும் ஐரோப்பாவின் 13 மொழிகளிலே தொடக்கநிலைச் சிறாரின் வாசிப்பை ஒப்பிட்டு ஆய்வறிக்கை வெளியிட்டனர். முதலாண்டின் முடிவிலே பின்லாந்து, கிரேக்கம், இத்தாலி, ஜேர்மனி ஆகிய நாடுகளின் சிறார் பழகிய சொற்களுள் நூற்றுக்கு 95க்குக் குறையாமல் சரியாக வாசித்தனர். ஆங்கிலவழியிற் பயின்ற ஸ்கொட்லாந்துச் சிறார் வாசித்தது நூற்றுக்கு 34 மட்டுமே. ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே பாடசாலை புகுவோர்; பின்லாந்துப் பிள்ளைகள் ஏழு வயதிற் புகுவோர்; ஆதலால் வயதுவேறுபாடே காரணமெனச் சிலர் கூறலாம். ஆயின் இரண்டாம் ஆண்டு முடிவிலும் ஆங்கிலச் சிறார் 76ஐயே எட்டினர். பிள்ளையின் மூளை நாட்டுக்கு நாடு வேறுபடுவதில்லை. கையிற் கொடுக்கப்படும் எழுத்துமுறையே வேறுபடுகிறது.

இதனை மேலும் தெளிவாகக் காட்டியது 2001இல் பவுலேசுவும் பிறரும் வெளியிட்ட ஆய்வு. இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் வாசிப்பிடர்ப்பாடுடைய பல்கலைக்கழக மாணவரின் மூளை இயக்கம் வாசிக்கும்போதே பதிவு செய்யப்பட்டது. மூன்று நாட்டினரிடத்தும் மூளையின் இடப்பாகத்திலே ஒரே பகுதியின் இயக்கம் குன்றியிருந்தது. ஒலிகளைப் பகுத்தறியும் சோதனைகளில் மூவகையினரும் ஒரே அளவு தடுமாறினர். எனினும் வாசிப்பிலே இத்தாலியர் ஏனையோரைக் காட்டிலும் மேலானவராக விளங்கினர். இடர் ஒன்று, எழுத்துமுறை வேறு, விளைவும் வேறு.

ஒரே ஆளிடத்தில் இவ்வேறுபாட்டைக் கண்டவர்களும் உளர். யப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் பெற்றோரின் மகனான இளைஞன் ஒருவனைப் பற்றி வைடெல், பற்றர்வேர்த் ஆகியோர் 1999இல் எழுதினர். வீட்டு மொழி ஆங்கிலமாயிருந்தும் ஆங்கில வாசிப்பிலே அவன் பெரிதும் இடர்ப்பட்டான். யப்பானிய மொழியையோ யப்பானிய மாணவர்க்கு நிகராக வாசித்தான். யப்பானியக் கானா எழுத்துகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓரசையளவான ஒலியைக் குறிப்பன. சீனமூல எழுத்துகளோ சொல்லை முழுமையாகக் குறிப்பன. இரண்டிலும் அசையினுட் புகுந்து தனியொலிகளைப் பிரிக்கும் தேவையில்லை. அவ்விளைஞன் ஆங்கிலப் பாடசாலையிலே மட்டும் பயின்றிருப்பானாயின் எப்பெயர் பெற்றிருப்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

4

எழுத்துமுறையே பகையாயின் அதனை மாற்றிவிடலாமே என்னும் எண்ணம் ஆங்கிலேயர்க்கும் தோன்றாமலில்லை. 1949இல் எழுத்துக்கூட்டற் சீர்திருத்தச் சட்டமூலம் ஒன்று பிரித்தானியப் பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்டு, 84க்கு 87 என்ற வாக்குகளால் மயிரிழையிலே தோற்றது. சீர்திருத்தத்தை ஆதரித்தோருள் ஒருவர் சேர் ஜேம்ஸ் பிற்மன். சுருக்கெழுத்தை ஆக்கிய ஐசாக் பிற்மனின் பேரர். ஆங்கிலத்தின் ஒலிகளை ஒன்றுக்கொன்றாகக் குறிக்கும் 44 எழுத்துகளைக் கொண்ட தொடக்கக் கற்பித்தல் அரிச்சுவடி ஒன்றை அவர் வகுத்தார். 1961 முதல் பிரித்தானியப் பாடசாலைகளில் அது பரிசோதிக்கப்பட்டது. பிள்ளைகள் முதலில் இவ்வெழுத்திலே வாசிக்கப் பழகுவர். வாசிப்புத் திறன் கைவந்த பின்னர் வழக்கமான எழுத்துக்கு மாறுவர் என்பது திட்டம்.

முதற்படியிலே திட்டம் வென்றது. பிள்ளைகள் விரைவாகவும் எளிதாகவும் வாசிக்கக் கற்றனர். இரண்டாம் படியிலேதான் சிக்கல் எழுந்தது. வழக்கமான எழுத்துக்கு மாறியபோது பலர் தடுமாறினர். 1969இல் வெளிவந்த வார்பேட்டன், சவுத்கேற் ஆகியோரின் மதிப்பீடு, தொடக்கத்திற் கண்ட முன்னேற்றம் மூன்றாண்டளவில் மங்கி இரு சாராரும் ஏறத்தாழச் சமநிலை எய்தினர் எனக் காட்டியது. 1970களிலே அவ்வரிச்சுவடி படிப்படியாக வழக்கொழிந்தது.

இதனைத் தோல்வி என்று மட்டும் கூறி ஒதுக்குவோர் வரலாற்றைப் பாதியே படித்தோராவர். பிற்மனின் அரிச்சுவடி இரண்டு உண்மைகளை நிலைநாட்டியது. ஒலியோடு ஒத்துச்செல்லும் எழுத்து பிள்ளைக்கு எளிது என்பது ஒன்று. பாலத்திலே ஏற்றிவிட்டு இடைவழியிற் பாலத்தை அகற்றினால் பிள்ளை ஆற்றிலே விழும் என்பது மற்றையது. சமுதாயம் முழுவதும் வழங்கும் எழுத்தே ஒலிவழி அமைந்ததாயின் அத்தகைய பாலம் வேண்டியதில்லை. அப்பேறு ஆங்கிலேயர்க்கு வாய்க்கவில்லை, எமக்கு வாய்த்துள்ளது.

எழுத்தைத் திருத்த இயலாத ஆங்கிலேயர் பின்னர் கற்பித்தலைத் திருத்த முற்பட்டனர். சொல்லின் வடிவை முழுமையாகப் பார்த்து மனத்திலிருத்தும் 'பார்த்துச் சொல்' முறை அங்கு நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கியது. 2006இல் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கை, எழுத்தின் ஒலிகளை முறையாகக் கற்பித்து அவற்றைக் கூட்டி வாசிக்கச் செய்வதே தொடக்கநிலைக்கு உரியதென வற்புறுத்தியது. 2012 முதல் இங்கிலாந்திலே முதலாம் ஆண்டு முடிவிற் பிள்ளைகளின் எழுத்தொலி அறிவு சோதிக்கப்படுகிறது. ஒழுங்கற்ற எழுத்தை உடையோரே ஒலிவழிக் கற்பித்தலின் இன்றியமையாமையை உணர்ந்துகொண்டனர். ஒழுங்கான எழுத்தை உடைய நாம் என் செய்கிறோம்?

5

நாம் பெருமை பேசுகிறோம். எமது எழுத்து விஞ்ஞான முறைப்படி அமைந்தது, ஆதலின் எமது பிள்ளைகளிடையே வாசிப்பிடர்ப்பாடு இல்லை என்கிறோம். இவ்வாறு கூறியோர் எமக்கு முன்னரும் இருந்தனர். 1968இல் மக்கித்தா என்னும் யப்பானிய மருத்துவர், தம் நாட்டுச் சிறாருள் வாசிக்க இடர்ப்படுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர் என எழுதினார். உலகம் வியந்தது. அவர் அம்முடிபுக்கு வந்த வழி யாது? ஆசிரியர்களிடம் வினாக்கொத்தை அனுப்பி விடை பெற்றார். பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தாரிலர். 1982இல் ஸ்டீவன்சனும் பிறரும் யப்பான், தாய்வான், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுச் சிறாரையும் நேரடியாகச் சோதித்தபோது, வாசிப்பிடர்ப்பாடு மூன்றிடத்தும் உண்டெனக் கண்டனர். கேட்கப்பட்டபோது இல்லாதிருந்த பிள்ளைகள், தேடப்பட்டபோது வெளிப்பட்டனர்.

ஒஸ்திரியாவில் ஹைன்ஸ் விம்மர் செய்த ஆய்வுகள் இம்மறைவுக்கான காரணத்தை விளக்குகின்றன. ஜேர்மன் மொழி ஒழுங்கான எழுத்துக்கூட்டல் உடையது. அங்கு வாசிப்பிடர்ப்பாடுடைய பிள்ளைகளும் சொற்களைப் பெரும்பாலும் பிழையின்றி வாசித்தனர்; ஆயின் மிக மெதுவாக வாசித்தனர்; எழுதும்போது பிழைவிட்டனர். ஆங்கிலத்திலே பிழையாக வெளிப்படும் இடர், ஒழுங்கான எழுத்திலே தாமதமாக வெளிப்படுகிறது. பிழை ஆசிரியரின் காதில் உடனே விழும். தாமதமோ சோம்பலாகத் தோன்றும்.

எமது வகுப்பறையை நோக்குவோம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வியர்த்து, வரியின் முடிவுக்கு வருமுன்னர் அதன் தொடக்கத்தை மறந்துவிடும் பிள்ளை, 'வாசிக்கத் தெரிந்த' பிள்ளையாகவே கணிக்கப்படும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே வினாத்தாளைப் படித்து முடிக்குமுன் நேரம் முடிந்துவிட்டால், பிள்ளைக்கு ஊக்கமில்லை எனத் தீர்ப்பளிக்கப்படும். எழுத்தின் ஒழுங்கு இங்கே பிள்ளைக்குத் துணையாவதோடு, பிள்ளையின் துயரை மறைக்கும் திரையுமாகிவிடுகிறது.

6

தமிழெழுத்தின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பவரல்லேம். எழுத்தொலிகள் எங்கெங்குப் பிறக்கின்றன என்பதை ஆராயப் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளும் ஒரு சட்டகத்துள் அடங்குவன. கல், மகன், பங்கு, பக்கம் என்னும் நான்கு சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது என்பது உண்மையே. ஆயின் அவ்வேறுபாடு எழுத்து நிற்குமிடத்தைப் பொறுத்தது. தமிழ் பேசும் பிள்ளை அதனைப் பேச்சிலேயே அறிந்துவைத்திருக்கும். மேலும் உயிர்மெய்யெழுத்து ஓர் அசையைக் குறிப்பது. நான்கு வயதுப் பிள்ளையின் காதுக்கும் எட்டுவது அசையே என்பதை முன்னர் கண்டோம். ஆதலின் எமது எழுத்து பிள்ளையின் செவிக்கு அண்மையில் நிற்பது.

ஆயினும் இச்சட்டகத்துள்ளும் இடறுமிடங்கள் உள. அவற்றை அறியாதவர் எழுத்தின் பெருமையைப் பேசலாம். எழுத்தைக் கற்பித்தல் இயலாது.

கெ, கே, கை என்பவற்றிலே உயிரொலி மெய்யொலியின் பின்னரே கேட்கிறது. அதன் குறியோ மெய்யெழுத்தின் முன்னே நிற்கிறது. கொ, கோ என்பவற்றிலே குறி இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒலியைத் தொடரப் பழகும் பிள்ளைக்கு இது முதற் குழப்பம். அரவு எல்லா எழுத்தோடும் ஒரே வடிவிற் சேர, உகர ஊகாரக் குறிகளோ கு, சு, து, பு என எழுத்துக்கெழுத்து வேறுபடுவது அடுத்த குழப்பம். பெரியார் 1935இலேயே எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் இதழிற் கைக்கொண்டார். 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவை ஒழுங்குபடுத்தியது. இன்று நாமும் அவ்வடிவங்களையே எழுதுகிறோம், மொழி அழிந்துவிடவில்லை. எழுத்து வடிவம் தெய்வம் வகுத்ததன்று, மனிதர் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதே என்பதற்கு எமது கையெழுத்தே சான்று.

இவற்றினும் பெரிய இடர் பேச்சுக்கும் எழுத்துக்குமுள்ள இடைவெளியாகும். 'அவை வருகினம்' என வீட்டிலே பேசும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'அவர்கள் வருகிறார்கள்' எனப் பாடநூலில் எழுத்துக்கூட்டுகிறது. ஒவ்வோர் எழுத்தையும் சரியாகக் கூட்டிய பின்னரும், தான் கேட்டுப் பழகிய சொல் எதுவும் அதன் காதில் ஒலிப்பதில்லை. ஏனைய பிள்ளைகள் இவ்விடைவெளியை விரைவிலே தாண்டிவிடுவர். எழுத்துக்கூட்டுவதிலேயே ஆற்றலெல்லாம் செலவாகிவிடும் பிள்ளையோ அங்கே சோர்ந்து விழும். எழுதுவதிலே நிலைமை இதனினும் கடினம். ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கும் எமது பேச்சிலே 'பழம்' என்ற சொல்லுக்கு உரிய எழுத்தைக் காது காட்டித்தருவதில்லை. நகர னகரங்களின் நிலையும் அதுவே. தமிழை எழுதியவாறு வாசிக்கலாம் என்பது பெரும்பாலும் உண்மை. பேசியவாறு எழுதலாம் என்பது உண்மையன்று. சொல்வதெழுதலிலே இத்தகைய பிழை விட்ட பிள்ளையை அடிப்போர், மொழியின் வரலாற்றுக்காகப் பிள்ளையைத் தண்டிப்போராவர்.

கற்பிக்கும் முறையோ இவ்விடர்களைத் தீர்ப்பதை விடுத்துப் பெருக்குகிறது. க, கா, கி, கீ என வரிசையாகப் பாடலைப்போல ஒப்புவிக்கும் பிள்ளையிடம், வரிசையிலிருந்து 'கி'யை மட்டும் பிரித்துக் காட்டிப் பாருங்கள். பலர் வரிசையை முதலிலிருந்து பாடியே அதனைக் கண்டுபிடிப்பர். அவர்கள் கற்றது பாட்டு, எழுத்தன்று. மறுபுறத்தே, சொல்லை முழுமையாகப் பார்த்து நினைவிலிருத்தும் முறையை மேனாட்டுப் புதுமையெனக் கொண்டாடுவோர் உளர். ஒழுங்கற்ற எழுத்துக்குக்கூடப் போதாதெனக் கண்ட முறையை ஒழுங்கான எழுத்துக்கு இறக்குமதி செய்வது, வீட்டு நெல்லைக் களஞ்சியத்திற் பூட்டிவிட்டுக் கூப்பனரிசிக்கு வரிசையில் நிற்பதற்கு ஒப்பாகும்.

7

ஆயின் செய்யத்தக்கது யாது? அது பெருஞ்செலவு வேண்டுவதன்று.

முதலாவது, எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சிறுகச் சிறுகக் கற்பித்தல். 247 எழுத்தையும் அட்டவணையாக மனத்திலேற்றும் தேவையில்லை. சில மெய்கள், சில உயிர்கள், அவை கூடும் விதம் என்பவற்றை அறிந்த பிள்ளை, ஏனையவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். க் என்பதும் இ என்பதும் கூடிக் கி ஆகும் என்பதைக் காதாற் கேட்டு, வாயாற் சொல்லி, கையால் எழுதி உணரவேண்டும். 1930களில் அமெரிக்காவிலே ஓர்ட்டனும் கிலிங்ஹாம் அம்மையாரும் வாசிப்பிடர்ப்பாடுடைய சிறாருக்கென வகுத்த முறை, கண், செவி, கை மூன்றையும் ஒருங்கே பயன்படுத்துவதாகும். மணலிலே விரலால் எழுதி, எழுதும்போதே உரத்து ஒலித்த எமது திண்ணைப் பள்ளியிலே அம்முறையின் ஒரு கூறு இருந்தது. பிரம்பைப் பேணிக்கொண்ட நாம் மணலைக் கைவிட்டோம்.

இரண்டாவது, தாமதத்தை இடராக இனங்காணல். தரம் இரண்டின் முடிவிலே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, ஒரு நிமிடம் வாசிக்கச் செய்து கேட்பதற்கு மேலதிகக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் அளிப்பது சலுகையன்று. கண்பார்வை குன்றியவர்க்கு மூக்குக்கண்ணாடி அளிப்பது போன்ற நீதியாகும்.

மூன்றாவது, ஆசிரியப் பயிற்சியிலே ஒலியியல் இடம்பெறல். தாம் கற்பிக்கும் எழுத்தின் ஒலியமைப்பை அறியாத ஆசிரியரிடம் ஒலிவழிக் கற்பித்தலை எதிர்பார்த்தல் வீண். மொழியியலைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மட்டும் உரிய பாடமாக வைத்துக்கொண்டு, முதலாந்தர ஆசிரியருக்கு அதனை மறுத்துவருவது எமது கல்விமுறையின் முரண்பாடுகளுள் ஒன்று.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். எமது பாடசாலைகளில் வாசிக்கவியலாத பிள்ளைகள் பலர். வறுமையாலும் பாடசாலைக்கு ஒழுங்காக வாராமையாலும் பின்தங்கியோர் அவருள் மிகுதி. இவர்களுள் வாசிப்பிடர்ப்பாடுடையவர் யாவர் எனப் பிரித்தறிவது எவ்வாறு என்பர். நிபுணர் வந்து பிரித்தறியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை என்பதே எமது விடை. ஒலிவழியே ஒழுங்காகக் கற்பித்தல் வறுமையாற் பின்தங்கிய பிள்ளைக்கும் பயன்தரும். வாசிப்பிடர்ப்பாடுடைய பிள்ளைக்கோ அது இன்றியமையாதது. நன்கு வாசிக்கும் பிள்ளைக்கு அதனால் தீங்கில்லை. மருந்து ஒன்றாயிருக்கையிலே நோயின் பெயரைத் தேடுவதிற் காலத்தைக் கழிப்பது மருத்துவமாகாது. அவ்வாறு கற்பித்த பின்னரும் முன்னேறாத பிள்ளையே தனிக்கவனம் வேண்டும் பிள்ளையென அப்பொழுது தானே தெளிவாகும்.

1945இல் இலவசக் கல்வி இந்நாட்டுப் பிள்ளைகள் யாவர்க்கும் பாடசாலைக் கதவைத் திறந்துவிட்டது. கதவினுட் புகுந்த பின்னரும் புத்தகத்தினுட் புகமுடியாத பிள்ளைக்கு அக்கதவு திறந்ததாகாது. இம்மலரை விரித்து இவ்வரிகளை இடர்ப்பாடின்றி வாசிக்கும் நாம், இப்பேறு எமது முயற்சியால் மட்டும் வந்ததென எண்ணுதல் வேண்டா. எம்மோடு முதலாம் வகுப்பிலே ஒரே வாங்கிலிருந்து, பின்னர் எங்கோ மறைந்துபோன தோழர் ஒருவரேனும் ஒவ்வொருவர்க்கும் இருப்பர். எம்மிற் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர்கள். அன்று எம்முன் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறும்போது, பிழை பிள்ளையினதா எனக் கேட்குமுன், அப்பிள்ளையின் கையில் நாம் கொடுத்தது எழுத்தையா, வெறும் ஒப்புவிப்பையா என எம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. ஒழுங்கான எழுத்தை முன்னோர் எமக்குத் தந்துவிட்டனர். அதனைப் பிள்ளையின் கையில் ஒப்படைப்பது எம் கடன்.